ஏழாவது பீப்பாய்

மார்ச் 19, சனி

காபி நானே போட்டுக் குடித்தேன். பிலோமினா ஐந்தரைக்கே தோட்டத்துக்குப் போய்விட்டாள். இன்று கடைசிப் பறிப்பாம். வெயில் ஏறுவதற்குள் திராட்சையை ஆலைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தாள்.

அவள் வேலையைப் பற்றி நான் நாட்குறிப்பில் எழுதுவதில்லை. இன்று எழுதுவதற்குக் காரணம் அந்தக் காபிதான், வாயில் வைக்க முடியவில்லை.

மலையடிவாரத்தில் திருமலைச்சாமி என்பவருக்கு ஒயின் ஆலை இருக்கிறது. அங்கே ஒயின் தயாரிப்பது பிலோமினாவின் பொறுப்பு. கெமிஸ்ட்ரி படித்தவள். நான் இந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். பத்தொன்பது வருடத்துக்கு முன் பெண் பார்க்கப் போனபோதே இரண்டு நிபந்தனை சொன்னேன். ஒரு பாட்டில்கூட வீட்டுக்குள் வரக் கூடாது. வேலை முடிந்து வந்தால் குளித்து உடை மாற்றிய பிறகுதான் பேச்சு. "சரிங்க" என்றாள். ஒருநாளும் மீறியதில்லை. காரணம் கேட்டதும் இல்லை.

புடலைக்குப் பந்தல் கட்டினேன்.

மார்ச் 27, ஞாயிறு

பூசை. தவக்காலம், கறி இல்லை. பிலோமினா ஞாயிறும் ஆலைக்குப் போய்விட்டாள். சாறு பீப்பாய்க்குள் பொங்கிக்கொண்டிருக்கிறதாம். "பச்சப்புள்ளய விட்டுட்டு வந்த மாதிரி இருக்குங்க" என்றாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் பேப்பர் படித்தேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

பிலோமினாவுக்குக் காய்ச்சல். விடுப்புப் போட்டேன். கஞ்சி, மாத்திரை, கஞ்சி.

ஏப்ரல் 11, திங்கள்

காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. ஆலைக்கும் போய்வருகிறாள்.

மாலை வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே பால் தீய்ந்த நாற்றம். யார் வீட்டிலோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டில்தான். அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பிலோமினா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருக்கிறது.

"கவனிக்கலங்க" என்றாள்.

பாத்திரத்தைத் தேய்க்கவே அரை மணி ஆயிற்று.

ஏப்ரல் 12, செவ்வாய்

மல்லிகை வாங்கிவந்தேன். வழக்கமாக இரண்டு கையிலும் ஏந்தி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள், அப்புறம்தான் தலையில் வைப்பாள். இன்று நேராக வைத்துக்கொண்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, ஈஸ்டர்

காலைப் பூசை. தூபம் எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்தபோது பிலோமினா மூச்சை ஆழமாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பின்வரிசையில் இருந்த சகோதரி பக்தி என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னாள். உப்பு குறைவு என்றாள், அதுவும் சரிதான்.

ஏப்ரல் 20, புதன்

அவளே சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கு வாசன தெரியலங்க. காய்ச்சல்ல போனது திரும்பி வரல."

"பால் தீஞ்ச அன்னைக்கே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்வேன்னு இருந்தேன்."

கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "டாக்டர்ட்டப் போயிட்டு வந்தேன். நரம்பு பாதிச்சிருக்காம். வந்தாலும் வரும், வராமலும் போகும்னாரு. நாக்குல புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியுது. அது போதுமாங்க எனக்கு? மூக்கு இல்லன்னா இந்த வேலையே இல்ல. உள்ள ஒம்பது பீப்பா இருக்கு. அது எப்படி இருக்குன்னே தெரியாம தினமும் பக்கத்துல போய் நின்னுட்டு வாரேன்."

"முதலாளிட்ட?"

"சொல்லல. மூணு வருசமா அவரக் கெஞ்சி இந்தப் பீப்பாயெல்லாம் வாங்க வச்சேன். இதான் முதல் தடவ. இப்பப் போய் எப்படிச் சொல்ல?"

இரவுக்கு நான் தோசை ஊற்றினேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு

பூசை முடிந்து திரும்பும்போது ஸ்கூட்டரை ஆலைப் பக்கம் திருப்பினேன்.

"எங்கங்க போறோம்?"

"குடிக்க மாட்டேன். மோந்து பாத்துச் சொல்றேன். அம்புட்டுத்தான்."

என் சட்டையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது.

பீப்பாய் அறைக்குள் இன்றுதான் முதல்முறை கால் வைத்தேன். குளிர்ச்சியான, இருட்டான நீண்ட அறை. பிரான்சிலிருந்து வந்த ஓக் மரப் பீப்பாய்கள் ஒன்பது, வரிசையாகப் படுத்திருந்தன. மேலே ஒரு துளை, அதில் ஒரு அடைப்பான். கண்ணாடிக் குழாயை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி ஒரு தம்ளரில் விட்டுக் கொடுத்தாள். கலங்கலாக, இளநீர் நிறத்தில் இருந்தது.

மூக்கருகே கொண்டுபோக ஒரு நிமிடம் ஆயிற்று. பிலோமினா அவசரப்படுத்தவில்லை.

"கொய்யாக்கா" என்றேன். "பழம் இல்ல, செங்காய். அப்புறம் பேக்கரி ஷட்டரத் தூக்குனதும் வருமே, அது."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஈஸ்ட்டுங்க. சரியா இருக்கு" என்றாள். பிறகு நோட்டை எடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மே 8, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. ஒன்பது பீப்பாய்க்கும் ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது.

நான் கேட்காமலே விளக்கம் சொல்கிறாள். சாதாரண வெள்ளை ஒயினை எவர்சில்வர் தொட்டியிலேயே முடித்துவிடுவார்களாம். இது வேறு. "மேட்டுப் பாத்தி செம்மண்ணு. ஒரு முழம் தோண்டுனா சரளை. தண்ணி நிக்காதா, கொடி ஆழமாப் போய்த் தேடும். கொத்து சின்னதாத்தான் வரும், ஆனா சத்தா இருக்கும். சாயங்காலமானா மலையில இருந்து காத்து இறங்கிரும். அந்தக் குளுமையிலதான் புளிப்பு தங்குது. புளிப்பு இல்லாட்டி மரத்துல வச்சுப் பிரயோசனம் இல்ல, சும்மா மரத்தண்ணி மாதிரி ஆயிரும்."

பொங்கி அடங்கிய ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்குகிறது. வாரம் ஒருமுறை நீளக் கம்பியை விட்டு அதைக் கலக்க வேண்டும். அப்போதுதான் ஒயினுக்கு ஒரு கொழகொழப்பு வருமாம். இன்று நான் கலக்கினேன். மோர் கடைகிற மாதிரி வேகமாகச் சுற்றியதற்குத் திட்டு வாங்கினேன்.

புடலை காய்த்திருக்கிறது.

மே 22, ஞாயிறு

முதல் பீப்பாய்: எலுமிச்சைத் தோல், வறுத்த ரவை. நான்காவது: தேங்காய்ப்பால். எட்டாவது: மழை பெய்ததும் ஓட்டிலிருந்து வரும் வாசனை. ஏழாவது ஒன்றும் சொல்லவில்லை, ஊமையாக இருக்கிறது. "அது கடைசிப் பறிப்புங்க. நல்லாக் கனிஞ்ச பழம். மெதுவாத்தான் வாயத் தொறக்கும்" என்றாள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அவள் நோட்டிலேயே இருக்கிறது.

ஜூன் 12, ஞாயிறு

மூன்றாவது பீப்பாயின் தம்ளரைத் தூக்கியதுமே "நகப்பாலிஷ்" என்றேன். பிலோமினா பதறிப்போய்ச் சோதித்தாள். காற்றுப் பட்டு வினிகர் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்ததாம். உடனே கந்தக மருந்து சேர்த்து, குறைந்திருந்த அளவுக்கு வேறு ஒயின் ஊற்றி விளிம்புவரை நிரப்பினாள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முழுப் பீப்பாயும் போயிருக்கும் என்றாள்.

"எனக்கு மூக்கு இருந்தப்பகூட இம்புட்டு முன்னாடி புடிச்சிருக்க மாட்டேன். எங்கங்க பழகுனீங்க?"

"இருபத்தாறு வருசமா கோந்து மோக்குறேன்ல" என்றேன். சிரித்தாள்.

அது பொய். இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவைக்கிறேன். எனக்கு ஏழு, எட்டு வயதிலிருந்தே வாசலில் அப்பா வந்து நிற்கும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முகர்ந்து பார்ப்பேன். எவ்வளவு குடித்திருக்கிறார், எங்கே குடித்திருக்கிறார், சாப்பிட்டாரா இல்லையா என்பதெல்லாம் தெரியும். அம்மாவை எந்தப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வேன். ஒருமுறைதான் தவறியிருக்கிறேன். அதன் தழும்பு அம்மாவின் புருவத்தில் கடைசிவரை இருந்தது.

ஜூலை 3, ஞாயிறு

மழை. ஆலைக்குப் போகவில்லை. இருவரும் சோளம் அவித்துத் தின்றோம்.

ஜூலை 10, ஞாயிறு

ஏழாவது பீப்பாய் கெட்டுவிட்டது. சொல்லிவிட்டேன்.

"என்ன வாசனைங்க?"

"சாராயம்."

"சாராயம்னா? ஸ்பிரிட்டு மாதிரியா? எரியுதா?"

"கெட்டுப்போச்சுன்னா விட்டுரு பிலோமினா. எனக்குத் தலை வலிக்குது."

எட்டும் ஒன்பதும் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஜூலை 13, புதன்

பிலோமினா ஏழாவதை மூன்று தடவை சோதித்திருக்கிறாள். எண்களில் ஒரு கோளாறும் இல்லையாம். நாக்கில் வைத்தாலும் சரியாகத்தான் இருக்கிறதாம். "ஆனா மூணாவது பீப்பாய்ல எண்ணு காட்டுறதுக்கு முன்னாடி நீங்க காட்டுனீங்க. நான் உங்க மூக்கத்தான் நம்புவேன்" என்றாள்.

முதலாளியிடம் பேசிவிட்டாளாம். வினிகர் செய்கிறவர் வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுவந்து ஏழாவதை ஏற்றிக்கொண்டு போவார்.

மணியார்டர் பாரத்தில் இரண்டு இடத்தில் தவறாக முத்திரை குத்திவிட்டேன்.

ஜூலை 14, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. பிலோமினா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். ருசி பார்க்க முடியாமல் அளந்து அளந்து போட்டுச் செய்த ரசம். அளவு பிசகவே இல்லை.

ஜூலை 15, வெள்ளி

காலை ஏழே காலுக்கு அவள் கிளம்பினாள். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். பாதிக் கன்னத்தில் நுரையோடு அப்படியே ஸ்கூட்டரை எடுத்தேன்.

வண்டி வந்து நின்றிருந்தது. ஆலையில் வேலை பார்க்கும் காமாட்சியம்மாள் ஏழாவது பீப்பாயின் அடைப்பானைத் திறந்து குழாயைச் செருகிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பினார்கள். பிலோமினா என் கன்னத்தைப் பார்த்தாள். "அக்கா, டிரைவரக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுங்க" என்று காமாட்சியம்மாளை அனுப்பினாள். கதவைச் சாத்தினாள்.

"அது கெடல" என்றேன்.

"சரிங்க."

"நான் பொய் சொன்னேன்."

"சரி. உக்காருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவளும் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். என்ன கேட்பாளோ என்று இருந்தேன். முந்தானையால் என் கன்னத்து நுரையைத் துடைத்தாள்.

அப்புறம் நான் பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்றது, அம்மாவின் புருவம், எனக்குப் பதினாலு வயதில் அவர் செத்தபோது கண்ணில் ஒரு சொட்டு வராதது, எல்லாம். அப்பாவின் நாற்றம் என்று ஒன்று எனக்குள் இருக்கிறது, அதற்காகத்தான் உன்னைப் பத்தொன்பது வருடமாகக் குளிக்கவைத்தேன் என்றும் சொன்னேன்.

"அந்த நாத்தமா இதுல வந்துச்சு?"

"இல்ல" என்றேன். "அது வந்திருந்தா பரவாயில்லையே."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கே சொல்லும்போதுதான் புரிந்தது.

அப்பா வேலை பார்த்தது வெல்லம் காய்ச்சும் ஆலையில். தை, மாசியில் ராவும் பகலும் கொப்பரை கொதிக்கும். அப்போது மட்டும் அவர் குடிக்க மாட்டார். நெருப்புப் பக்கத்தில் நிற்பவன் தள்ளாடினால் கொப்பரைக்குள் விழுந்துவிடுவான். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் அவர் உடம்பில் பாகு வாசனை அடிக்கும். விறகுப் புகை, காய்ந்த கரும்புச் சக்கை, பாகு லேசாகக் கருகுகிற நேரத்து வாசனை. வாழையிலைத் துண்டில் சூடான பாகு கொண்டுவருவார். ஊதி ஊதி எனக்கு ஊட்டுவார். நான் கதவைத் திறந்துகொண்டு ஓடுவேன். அம்மா சிரிப்பாள்.

வருடத்துக்கு இரண்டு மாதம். அதை நான் எப்படியோ மறந்துபோனேன். இல்லை, மறக்கவில்லை. நினைத்தால் அவர்மேல் முழுசாகக் கோபப்பட முடியாது. அதனால் எடுத்து எங்கோ வைத்துவிட்டேன். போன ஞாயிறு அந்தத் தம்ளரைத் தூக்கினால், உள்ளே அவர் நிற்கிறார். குடிக்காத அப்பா.

"அதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

பிலோமினா எழுந்து ஏழாவது பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "எனக்குத் தெரியாதுல்லங்க. நீங்க சொல்லுங்க. மெதுவா."

சொன்னேன். கருகும் பாகு. புகை. ஆறிய பிறகு தேன். அடியில் எங்கோ எலுமிச்சை. அவள் எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

வண்டிக்காரர் வெறுமனே திரும்பிப் போனார். அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதம். இதுவே முதல்முறை.

ஜூலை 31, ஞாயிறு

ஆலையிலிருந்து திரும்பியதும் பிலோமினா நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். இருவரும் கத்தரிக்காய் நறுக்கிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் இன்னும் குளிக்கவில்லை என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, திங்கள்

முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவளே முடிவெடுத்தாள். நானும் கூடப் போனேன்.

திருமலைச்சாமி நல்ல உயரம், குறைந்த பேச்சு. முழுக்கக் கேட்டார். பேனாவை மூடி வைத்தார். "அப்ப நாலு மாசமா இந்த ஆலைய மோந்துக்கிட்டிருந்தது நம்ம போஸ்ட்மாஸ்டரா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"சாரு ஒரு சொட்டு தொடமாட்டாரே?"

"இப்பவும் தொடல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பிலோமினா முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். அது நியாயம்தான். பெங்களூரிலிருந்து ருசி பார்க்கும் நிபுணர் ஒருவரை வரவழைப்பதாகவும், அவர் சொல்வதைப் பொறுத்து மேற்கொண்டு பேசலாம் என்றும் சொன்னார்.

வரும் வழியில் பிலோமினா, "வேலை போனாலும் போகட்டும். மூடி வச்சுக்கிட்டு இருந்ததுதான் பாரமா இருந்துச்சு" என்றாள். போகட்டும் என்று அவள் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25, வியாழன்

நிபுணர் வந்தார். முடியைக் குட்டையாக வெட்டிய வயதான அம்மாள், கன்னடம் கலந்த தமிழ். பீப்பாய்க்குப் பீப்பாய் நின்று, முகர்ந்து, வாயில் கொப்பளித்துத் துப்பி, பிலோமினாவின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் ஓரமாக நின்றேன்.

ஏழாவதில் வெகுநேரம் நின்றார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார். பிறகு நோட்டைத் தட்டி, "இங்கே 'குடிக்காத அப்பா'ன்னு எழுதியிருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் எப்போது அதை எழுதினாள்?

"பாகு வாசனைங்க மேடம்" என்றாள் பிலோமினா, என்னைப் பார்க்காமல்.

"ஆமாம், பாகு. அதேதான்." அந்த அம்மாள் திருமலைச்சாமியிடம் திரும்பினார். "இதை மற்றதோடு கலக்காதீங்க. தனியா பாட்டில் பண்ணுங்க. இந்த நோட்டு எழுதினவங்களையும் விட்டுடாதீங்க."

"ரெண்டு பேரும் சேந்தே வாங்க, மூக்கு வர்ற வரைக்கும்" என்றார் திருமலைச்சாமி. போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செப்டம்பர் 29, வியாழன்

காலையில் காபியைக் கீழே வைத்துவிட்டு, "ரப்பர் எரியுற மாதிரி இருக்குங்க" என்றாள்.

நான் முகர்ந்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். நரம்பு விழிக்கத் தொடங்கினால் முதலில் இப்படித்தான் தாறுமாறாகக் காட்டுமாம். சரியாகும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாள் முழுவதும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டே இருந்தாள். மல்லிகைக்கு மண்ணெண்ணெய். சோப்புக்கு ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவுக்கு ரோஜாப்பூ என்றாள், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அக்டோபர் 14, வெள்ளி

ஏழாவதைப் பாட்டிலில் அடைத்தார்கள். இருநூற்று எண்பத்தேழு பாட்டில். வைக்கோல் நிறம். நான் அரை நாள் விடுப்பில் போய்க் கார்க்கு அடுக்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. இனியும் குடிக்கப்போவதில்லை. ஆனால் ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைக்கச் சொன்னவன் நான்தான். பிலோமினா வாசலிலேயே நின்று, "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

நவம்பர் 2, புதன், கல்லறைத் திருநாள்

ஒவ்வொரு வருடமும் அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தி, பூ வைத்து, ஜெபம் சொல்லித் திரும்பிவிடுவேன். அப்பாவுடையது அங்கிருந்து பத்தடியில், மதிலோரம். முப்பத்தேழு வருடமாக அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

இந்த வருடம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அரிவாளும், சின்ன டப்பாவில் கறுப்புப் பெயிண்டும், ஒரு பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டேன். பிலோமினா எதற்கென்று கேட்காமல் மெழுகுவர்த்தியை இன்னொரு கட்டு கூடுதலாகப் பையில் போட்டாள்.

முள்ளும் புல்லும் மண்டிக் கிடந்தது. நான் வெட்ட, அவள் அள்ளிப் போட்டாள். சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நிமிர்த்திக் கல் வைத்தோம். பெயர் இருந்த இடத்தில் வெறும் சிமெண்ட். சுற்றிலும் மனிதர்கள் அவரவர் கல்லறையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

"மாமாவுக்கு அப்ப என்ன வயசுங்க?" என்று கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரை எப்போதும் ஒரு பெரிய ஆளாகவே நினைத்துப் பயந்திருக்கிறேன். இன்றைக்கு அவர் என் கவுண்டருக்கு எதிரே வந்து நின்றால் "தம்பி" என்றுதான் கூப்பிடுவேன்.

பெயிண்ட் டப்பாவைத் திறந்து சிலுவை முன் உட்கார்ந்தேன். பிலோமினா குடையைச் சாய்த்து என் தலைக்கு நிழல் பிடித்தாள்.

சவரியப்பன் என்று எழுதினேன். 'ப்' மேலிருக்கும் புள்ளி தள்ளி விழுந்துவிட்டது.

"அழிச்சிட்டு எழுதுறீங்களா?"

"இருக்கட்டும்" என்றேன்.